நாற்பத்தொரு குடம்

குடத்தைத்தானே பாக்குறீங்க? நல்லாப் பாருங்க. பரமக்குடி பஸ் ஸ்டாண்டுல இருந்து எல்லாரும் அதைத்தான் பாக்குறாங்க. கஞ்சி போட்ட காட்டன் சேலை, கண்ணாடி, கையில வாட்ச், மடியில ஒரு பிளாஸ்டிக் குடம். டிரைவர் என்னடான்னா, வெறுங்குடத்தோட முன்னாடி உக்காராதீங்கம்மா, பின்னாடி போயிடுங்கங்கிறான். சகுனமாம். காலையில கடையில வாங்குன புதுக் குடம், இன்னும் ஸ்டிக்கர்கூடப் பிரிக்கலை. உக்காருங்கம்மா, இடம் இருக்கு. அந்தக் கட்டுப் போட்ட கையை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் வச்சுக்கோங்க, குடத்துல இடிக்குது.

நான் குடம் தூக்குற ஆள் இல்லம்மா. காலேஜ்ல அசோசியேட் புரொபசர். வணிகவியல். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அதுபோக, நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு அலுவலர். தொண்டு செய்யுற பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போறது, வேலை பிரிச்சுக் கொடுக்குறது, ரிப்போர்ட் எழுதுறது எல்லாம் நான்தான். அப்படிப்பட்டவளை இன்னைக்கு ஒரு ஊரு குடம் தூக்க வச்சிருக்கு. வயிறு எரியுதும்மா. நல்லதுக்குக் காலம் இல்லைன்னு சொல்லுவாங்கல்ல, அது சும்மா சொல்லலை.

யாருகிட்டயாவது சொல்லலைன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சுடும். கேளுங்க.

யுனிவர்சிட்டியில இந்த வருஷம் ஒரு போட்டி வச்சாங்க. சமூகத் தொண்டு சவால்னு பேரு. தை மாசம் ஆரம்பிச்சு சித்திரை கடைசி வரைக்கும். எந்தக் காலேஜ் பிள்ளைக அதிக மணி நேரம் தொண்டு செய்யுதோ அந்தக் காலேஜுக்குக் கோப்பை. கூட்டிட்டுப் போற அலுவலருக்குச் சிறந்த அலுவலர்னு பட்டம். எங்க காலேஜ் வாசல்ல ஒரு பலகை இருக்கும்மா. தேக்குப் பலகை. இந்த மாதிரி பட்டம் வாங்குனவங்க பேரை அதுல தங்கக் கலர்ல எழுதி வச்சிருப்பாங்க. பதினோரு பேரு இருக்கு. பதினொன்னும் ஆம்பளைங்க. இருபத்திரண்டு வருஷமா தினமும் காலையில அதைப் பாத்துக்கிட்டுதான் உள்ள போறேன். பன்னிரண்டாவது பேரு என் பேரா இருக்கணும்னு ஆசைப்பட்டது தப்பா? நீங்களே சொல்லுங்க.

மணிக்கணக்கு எப்படின்னா, தலைக்கு இத்தனை மணி நேரம். நாப்பது பிள்ளைக ஒரு மணி நேரம் செஞ்சா நாப்பது மணி. முன்னாடி ஒரு போட்டோ, பின்னாடி ஒரு போட்டோ, பயனாளி கையெழுத்து. மூணையும் ஆப்ல ஏத்தணும். ஏத்தலைன்னா நீங்க மலையையே புரட்டியிருந்தாலும் பூஜ்யம்தான்.

தை முடியும்போது நாங்க ரெண்டாவது இடம். முதல் இடத்துக்கு முந்நூறு மணிதான் குறையுது. எனக்குத் தூக்கமே இல்ல. அப்பதான் இதே பஸ்ல ஒரு சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்குப் போயிட்டு வரும்போது ஜன்னல் வழியா அந்த ஊருணியைப் பாத்தேன். ரோட்டோரத்துலயே இருக்கு. கொன்றையேந்தல்னு ஊரு. கரையெல்லாம் முள்வேலி கட்டி, தண்ணி மேல பாதிக்குப் பாதி பாசியும் ஆம்பல் கொடியும். பச்சைப் பசேல்னு கிடக்கு. இதைவிட ஒரு ‘முன்னாடி’ போட்டோ எங்க கிடைக்கும்? பஸ்ல இருந்தே எடுத்துட்டேன்.

மாசியில ஒரு ஞாயித்துக்கிழமை, நாப்பத்தாறு பிள்ளைகளோட போய் இறங்கிட்டேன். காலேஜ் பஸ், மம்பட்டி, கையுறை, ரெண்டு மூட்டை பிளீச்சிங் பவுடர், எல்லாருக்கும் தொப்பி, டீ சர்ட்டு. அன்னைக்குன்னு பாத்து ஊர்ல ஆளே இல்ல. மாசிக் களரிக்கு ஊரோட குலசாமி கும்பிடப் போயிட்டாங்களாம். எனக்கு அது வசதியாப் போச்சு. சாமி கும்பிட்டுத் திரும்பி வரும்போது ஊருணி பளிச்சுனு இருந்தா எப்படி ஆச்சரியப்படுவாங்க! அந்த ஆச்சரியத்தையும் வீடியோ எடுக்கலாம்ல.

கேட்டீங்களான்னு கேக்காதீங்க. இதைத்தான் எல்லாரும் கேக்குறாங்க. பிரின்சிபால் கேட்டாரு, கமிட்டி கேட்டுச்சு, என் வீட்டுக்காரர்கூடக் கேட்டாரு. யாரும்மா நல்லது செய்யுறதுக்குப் பெர்மிஷன் கேப்பாங்க? தெருவுல ஒருத்தர் மயங்கி விழுந்தா, தண்ணி தெளிக்கட்டுமான்னு கேட்டுட்டா தெளிப்போம்?

பிள்ளைக இறங்கிட்டாங்க. முழங்கால் தண்ணி, இடுப்புத் தண்ணி. கொடியை இழுத்து இழுத்துக் கரையில போடுறாங்க. அப்ப ஒரு அம்மா ஓட்டமும் நடையுமா வந்தாங்க. ஊருக்குக் காவலா வீட்டுல இருந்தவங்க போல. வார்டு மெம்பராம், பேரு இருளாயி. கரையில செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு, மூச்சு வாங்க நின்னாங்க.

“எறங்காதீக டீச்சர். குடிக்கிற தண்ணி. காலு படக்கூடாது.”

டீச்சராம். நான் டீச்சர் இல்லன்னு மொதல்ல சொல்லிட்டேன். அதை விடுங்க. எனக்கு எங்க சுருக்குனு ஆச்சுன்னா, அந்தக் காலு படக்கூடாதுங்கிற வார்த்தையிலதான். என் பிள்ளைகள்ல எல்லாச் சாதியும் இருக்கும்மா. ஓகோ, இது அந்த விஷயமான்னு எனக்குக் கோவம் தலைக்கு ஏறிடுச்சு. இந்தக் காலத்துலயும் இவன் கால் படலாம், அவன் கால் படக்கூடாதுன்னு ஊருணிக் கரையில நின்னு பேசுறீங்களான்னு கேட்டேன். தண்ணிக்குச் சாதி இருக்கா, தாகத்துக்குச் சாதி இருக்கான்னு கேட்டேன். பத்து நிமிஷம் பேசினேன். பிள்ளைக கை தட்டுனாங்க. வீடியோவும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அந்த அம்மா நான் முடிக்கிற வரைக்கும் நின்னுட்டு ஒன்னே ஒன்னு சொன்னாங்க.

“எந்தக் காலும்தான் டீச்சர். என் காலும்தான், மாட்டுக் காலும்தான். நாங்களே கரையில நின்னு குடத்தைத்தான் எறக்குவோம்.”

இதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே? நான் பேசி முடிச்ச அப்புறம் சொன்னா, அத்தனை பிள்ளைக முன்னாடி நான் என்ன செய்யுறது? பாதிக் கொடி பிடுங்கியாச்சு. நாப்பத்தாறு பேரும் நனைஞ்சாச்சு. இனிமே ஏறினா என்ன, ஏறாட்டி என்ன? சுத்தமாக்கிட்டுப் போயிடுறோம், அப்புறம் நீங்களே கும்பிடுவீங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

எங்க டீம் லீடர் சிவதர்ஷினின்னு ஒரு பொண்ணு. மூணாவது வருஷம். அமைதியா இருப்பா, ஆனா அமுக்குணி. பவுடர் மூட்டையைப் பிரிக்கும்போது வந்து, மேடம், குடிக்கிற தண்ணிங்கிறாங்க, எவ்வளவு போடலாம்னு யாரையாவது கேட்டுக்குவோமான்னா. மணி நாலாச்சு, வெளிச்சம் போனா ‘பின்னாடி’ போட்டோ எப்படி எடுக்கிறது? கொட்டுங்கன்னுட்டேன். ரெண்டு மூட்டையும். கையெழுத்துக்கு அந்த இருளாயி வரலை. அந்த வழியா ஆடு பத்திட்டு ஒருத்தர் வந்தாரு, அவர்கிட்ட வாங்கிட்டேன். அவரு எந்த ஊரோ, யாருக்குத் தெரியும். நாப்பத்தாறு ஒன்பது நானூத்திப் பதினாலு மணி. அன்னைக்கு ராத்திரி ஆப்ல எங்க காலேஜ் முதல் இடம்மா. முதல் இடம்.

மூணாம் நாள் மீன் செத்து மிதந்துச்சாம்.

சரி, மிதந்துச்சு. நான் என்ன வேணும்னா செஞ்சேன்? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கா முடிஞ்சுச்சு, அவ்வளவுதானே. தண்ணி கலங்கிச் சேறாப் போச்சு, நாத்தம் எடுக்குது, பாசியும் ஆம்பலும்தான் வெயில் படாம தண்ணியைக் காப்பாத்திக்கிட்டு இருந்துச்சுன்னு இப்ப விளக்கம் சொல்றாங்க. ஐப்பசி மழைக்குத்தான் இனி ஊருணி நிறையுமாம். குழாய்த் தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்காதான் வருமாம். பக்கத்து ஊரு ஊருணியில எடுத்துக்கலாம்னு அந்த ஊர்க்காரங்க சம்மதிச்சாங்களாம், ஆனா அவங்க எடுத்து முடிச்ச பிறகு, உச்சி வெயில்ல. போக வர ரெண்டு கிலோமீட்டர். நடந்தா உடம்புக்கு நல்லதுதானேன்னு நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன், அதுக்கும் என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. போன மாசம் ஒரு பொண்ணு தண்ணி எடுத்துட்டு வரும்போது வழுக்கி விழுந்து கையை முறிச்சுக்கிட்டாளாம். அதுக்கும் நான்தான் பொறுப்பாம். ரோட்டைப் பாத்து நடக்காததுக்கு நான் என்னம்மா செய்ய முடியும்?

கொஞ்சம் இப்படி வாங்க, வெயில் உங்க மேல அடிக்குது. திரையை இழுத்து விடுறேன்.

ஒரு நாள் காலையில காலேஜுக்குப் போறேன், வாசல்ல இருபது பொம்பளைங்க. அந்தத் தேக்குப் பலகைக்கு நேர் கீழ வரிசையா உக்காந்திருக்காங்க. ஆளுக்கு ஒரு வெறுங்குடம் முன்னாடி. சத்தம் இல்ல, கோஷம் இல்ல. சத்தம் போட்டிருந்தாலாவது நானும் திருப்பிப் போட்டிருப்பேன். பிரின்சிபால் நடுங்கிப் போய், போலீஸ் வேணாம், பேப்பர்காரங்க வேணாம், என்ன வேணும்னாலும் கேளுங்கன்னாரு. இருளாயி சொன்னாங்க, எங்களுக்கு ஒன்னும் வேணாம், எங்க ஊர்ல ஒரு வழக்கம் இருக்கு, அதைச் செஞ்சா போதும்னு. ஊருணியைக் கலக்குனவங்க யாரா இருந்தாலும், வீட்டுக்கு ஒரு குடம் வெளியில இருந்து நல்ல தண்ணி சுமந்து, வீடு வீடா ஊத்தணுமாம். மொத்தம் நாப்பத்தொரு வீடு. அவங்க மாமனாரே அந்தக் காலத்துல மாட்டை இறக்கிவிட்டுட்டுச் சுமந்தாராம்.

நான் மாட்டேன்னுட்டேன். முகத்துக்கு நேராவே சொன்னேன். நான் படிச்ச படிப்பு என்ன, என் வேலை என்ன, நான் குடம் சுமக்கணுமா? அந்தப் பொம்பளைங்க குடத்தை எடுத்துக்கிட்டு எழுந்து போயிட்டாங்க.

கமிட்டிக்கு விஷயம் போச்சு. நானூத்திப் பதினாலு மணியையும் வெட்டிட்டாங்க. மூணாவது இடத்துக்கு இறங்கிட்டோம்.

இதுவரைக்கும்கூடப் பொறுத்துக்குவேன்மா. இனிமே சொல்றதுதான் என்னால தாங்க முடியலை.

சித்திரை முடிஞ்சு கோப்பை வேற காலேஜுக்குப் போயிடுச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை நான் பரமக்குடி பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். பாத்தா, என் பிள்ளைக. ஒரு பத்துப் பேரு, ஆளுக்கு ஒரு குடத்தோட. சிவதர்ஷினியும் நிக்கிறா. என்னடி இதுன்னா திருதிருன்னு முழிக்கிறா. மிரட்டிக் கேட்ட பிறகு சொல்றா. அந்தப் பொம்பளைங்க காலேஜுக்கு வந்துட்டுப் போன வாரத்துல இருந்து ஞாயித்துக்கிழமை தவறாமப் போயிக்கிட்டு இருக்காங்களாம். பக்கத்து ஊர்ல மொண்டு வீட்டுக்கு வீடு ஊத்துறாங்களாம். பத்துப் பேரு இல்லம்மா, முப்பத்தெட்டுப் பேரு, அஞ்சு மணி நேரம், எட்டு ஞாயித்துக்கிழமை. அந்த இடத்துலயே மனசுல பெருக்கிட்டேன். ஆயிரத்தி ஐந்நூத்தி இருபது மணி!

ஆயிரத்தி ஐந்நூத்தி இருபது! எல்லாம் சித்திரைக்குள்ள! வெட்டுனது போக இதைச் சேத்தாக்கூட முதல் இடம் எங்களுக்குத்தான். ரெண்டாவது இடத்துக்காரன் கிட்டவே வந்திருக்க முடியாது. ஒரு மணிகூட ஏத்தலை. ஒரு போட்டோ இல்ல, ஒரு கையெழுத்து இல்ல. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. ஏன்டி ஏத்தலை, ஏன்டி ஏத்தலைன்னு பஸ் ஸ்டாண்டுன்னும் பாக்காம கத்திட்டேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு எனக்கு. அவ குடத்தைக் கீழ வச்சுட்டு சொல்றா:

“நாம கெடுத்த தண்ணி மேடம். அதைச் சுமக்கிறதை எப்படித் தொண்டுன்னு எழுதுறது?”

என்ன பதில் இது? இருபது வயசுப் பொண்ணு பேசுற பேச்சா? எழுதலைன்னா அது நடந்த மாதிரியே இல்லையேம்மா. நாளைக்கு யார் வந்து சாட்சி சொல்லுவா? இதைச் சொல்லிக் கொடுக்கத்தானே இருபத்திரண்டு வருஷமா நான் இருக்கேன். அவ பஸ் வந்துடுச்சு மேடம்னு சொல்லிட்டு, குடத்தை எடுத்து இடுப்புல வச்சுக்கிட்டு ஏறிட்டா. எல்லாரும் ஏறிட்டாங்க. நான் மட்டும் நின்னேன்.

சரி, பிள்ளைக சுமந்துட்டாங்கல்ல, வழக்கம் தீர்ந்துச்சுல்லன்னு இருளாயிக்குப் போன் போட்டேன். அந்த அம்மா சொல்றாங்க, பிள்ளைக சுமந்துட்டாக டீச்சர், எறங்கச் சொன்னவுக இன்னும் சுமக்கலையேன்னு. பிரின்சிபால் அதுக்கு மேல. இந்த மாசம் இருபதாம் தேதிக்குள்ள குறை தீர்ந்ததுன்னு ஊர்ல இருந்து கடுதாசி வரணும், வரலைன்னா அலுவலர் பொறுப்பை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்னுட்டாரு. வேற ஆள்னா யாரு? இன்னொரு ஆம்பளைதான். அடுத்த வருஷம் அவன் பேரு பலகையில ஏறும், நான் அதையும் தினம் பாத்துக்கிட்டு உள்ள போகணும்.

அதான் கிளம்பிட்டேன். போன் வெளிய எடுக்கக்கூடாதாம், அது வேற கண்டிஷன். ஒரு போட்டோகூட இல்லாம குடம் சுமக்கணும், எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?

ஆனா ஒன்னு, உங்ககிட்ட சொன்னா என்ன, வழித்துணைக்கு வந்தவங்க. நாப்பத்தொரு குடமும் சுமப்பேன்னு நினைக்காதீங்க. எனக்கு என்ன கிறுக்கா? ஒன்னு சுமப்பேன். ரெண்டு சுமப்பேன். மூணாவதுக்குப் பாதி வழியில மயக்கம் வந்த மாதிரி அப்படியே உக்காந்துடுவேன். கிராமத்து ஜனம் இளகுன மனசு, பதறிப் போயிடுவாங்க. போதும் டீச்சர், போதும் டீச்சர்னு மோர் கொண்டு வந்து கொடுப்பாங்க. கடுதாசியைக் கையோட எழுதியே கொண்டு வந்திருக்கேன், கையெழுத்துதான் பாக்கி. பையில பாருங்க, நாலு காப்பி.

என்னம்மா, ஒன்னுமே சொல்ல மாட்டேங்கிறீங்க? ஏறுனதுல இருந்து நானே பேசிக்கிட்டு வர்றேன்.

ஆ, விசில் அடிச்சுட்டான். கொன்றையேந்தல்தான். எங்க, என் பை... குடத்தைக் கொஞ்சம் பிடிங்க. இல்ல இல்ல, உங்க கை... இருங்க, நான் இறங்கிட்டா நீங்க ஜன்னல் பக்கமே உக்காரலாம், எதுக்கு எந்திரிக்கிறீங்க?

நீங்களும் இங்கயா இறங்குறீங்க?

கொன்றையேந்தலா நீங்க?

ஏம்மா, நாப்பது நிமிஷம்! நாப்பது நிமிஷமா பக்கத்துல உக்காந்துகிட்டு, நான் எல்லாத்தையும், அந்த மயக்கம் வரைக்கும் சொல்லி... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் இந்த ஊருதான்னு வாயைத் திறந்து ஒரு வார்த்தை? இதுதான் உங்க ஊர்க்காரங்க பழக்கமே. எதையும் முன்னாடியே சொல்றது இல்ல, எல்லாம் முடிஞ்ச பிறகு...

என்ன?

நான் கேக்கலையா.

இந்தக் கட்டு... மாவுக்கட்டு. பரமக்குடி ஆஸ்பத்திரிக்குத்தான் போயிட்டு வர்றீங்களா? போன மாசம்னு... அந்தப் பொண்ணு...

இறங்குறோம்ப்பா, இறங்குறோம், கத்தாத. பாத்து, படியில பாத்து இறங்குங்கம்மா. அந்தக் கையை ஊணாதீங்க. என் தோளைப் பிடிச்சுக்கோங்க.

அதோ வேப்பமரத்தடியில நிக்கிறது இருளாயிதானே. எல்லாரும் நிக்கிறாங்க. சிரிக்கிறாங்களா, என்ன? எனக்கு இன்னும் கோவம் போகலை, சொல்லிட்டேன். உங்க மேலயும்தான். அந்தக் கடுதாசியை நான் வெளிய எடுக்கலை, நீங்களும் எதுவும் சொல்லிடாதீங்க. உங்க வீடு எத்தனாவதுன்னு காட்டுங்க, அங்கயே ஆரம்பிக்கிறேன்.

எங்க வீட்டுல எப்பவும் மோட்டார்மா. நான் குடம் தூக்கினதே இல்ல. ஒன்னு கேக்குறேன், சிரிக்காம சொல்லுங்க. இதை எந்த இடுப்புல வைக்கணும்?